வயர் இல்லாமல் போனில் எஃப்எம் கேட்கலாமாம்!

குறுக்குத்தெரு ரிப்பேர்
நேற்று இங்க ஒருத்தர் எழுதியிருக்கிறார்: "டச் போனில் ரேடியோ கேட்க இப்ப வயர் எல்லாம் தேவையில்லை. ஹேண்ட்ஸ்ஃப்ரீ குத்துற ஜாக் பார்த்து போன் வாங்குறவங்க பழைய ஆட்கள்." இதை வாசிச்சிட்டு ஒரு பிள்ளை கொழும்பு புறக்கோட்டையில என் கடைக்கு வந்து, "அண்ணே, ரேடியோ பழுது, வயர் குத்தினாத்தான் ஓடுது, செஞ்சு தாங்க" என்று நிக்குது. பழுது போன்ல இல்லை. ஹேண்ட்ஸ்ஃப்ரீ வயர்தான் ஆண்டெனா. எஃப்எம் அலையோட நீளம் சுமார் 3 மீட்டர். அதைப் பிடிக்க கையளவு போனுக்குள்ள இடம் எங்க? அதுக்குத்தான் அந்த வயரையே ஆண்டெனாவாப் பாவிக்கிறாங்க. தெரியாததை எழுதி ஆட்களை அலைய விடாதீங்க.

தெஹிவளை நெட்
எழுதினது நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். ஆப்பைத் திறந்தா சூரியன், சக்தி, வசந்தம் எல்லாம் கண்ணாடி மாதிரி கிளியர். காதில பட்ஸ். காலி வீதியில போற 100ஆம் நம்பர் பஸ்ஸில ஏறி உங்க வயரைக் குத்திக் கேட்டுப் பாருங்க, பம்பலப்பிட்டி தாண்ட முதல் கொரகொரன்னு காது கிழியும்.

குறுக்குத்தெரு ரிப்பேர்
நீங்க கேட்கிறது எஃப்எம் இல்லை தம்பி, இன்டர்நெட். நொடிக்கு 128 கிலோபிட் (கேபிபிஎஸ்) என்றால் மணித்தியாலத்துக்கு 57 எம்பிக்கு மேல போகும். ரீலோட் போடுறது யாரு? எஃப்எம் என்றால் வயர். வயர்தான் ஆண்டெனா.

கொலன்னாவை நானா
ரெண்டு பேரும் ரெண்டு சாமானைப் பத்திக் கதைக்கிறீங்க. ஒருத்தர் சொல்றது அலையில வார ரேடியோ, மத்தவர் சொல்றது டேட்டாவில வார ரேடியோ. மொதல்ல எதைப் பத்திக் கதைக்கிறம் என்டு முடிவு செய்ங்களேன்.

தெஹிவளை நெட்
ரேடியோன்னா ரேடியோதான் நானா. பாட்டு வருதா, செய்தி வருதா? முடிஞ்சுது. ஆண்டெனா கதை எனக்கு எதுக்கு?

மட்டக்குளி அக்கா
2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாள் இந்தத் தம்பி எங்க இருந்தாரோ. வைஃபை செத்துப் போச்சு. சிக்னல் ஒரு கோடு வரும், போகும். ஆப் வட்டமாச் சுத்திக்கிட்டே இருந்துச்சு. மகன்ட பழைய டச் போன்ல ஹேண்ட்ஸ்ஃப்ரீயைக் குத்தி, வயரை ஜன்னல் கம்பியில போட்டு, ஸ்க்ரீன்ல ஸ்பீக்கருக்கு மாத்தி விட்டேன். அடுத்த நாள் எந்த வலயத்துக்கு எத்தனை மணிக்குக் கட் என்று அதுலதான் எங்க மாடி முழுக்கக் கேட்டது. வயரைக் கம்பியில இருந்து எடுத்தா சத்தம் போயிடும். கையால தொட்டுப் பார்த்த விஷயம் இது.

குறுக்குத்தெரு ரிப்பேர்
நன்றி அக்கா. வயர்தான் ஆண்டெனா. இதைத்தான் காலையில இருந்து சொல்றேன்.

தெஹிவளை நெட்
2022ஐயே எத்தனை வருஷம் சொல்லப் போறீங்க? ஐபோன்ல எஃப்எம்மே கிடையாது. அதை வாங்குறவங்க எல்லாம் முட்டாளா?

குறுக்குத்தெரு ரிப்பேர்
நல்ல ஆளைச் சாட்சிக்குக் கூப்பிட்டீங்க. ஜாக்கைத் தூக்கினது 2016இல், ஐபோன் 7இல். 2017இல் அமெரிக்காவில புயல் மேல புயல் அடிச்சப்போ, அந்த நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணைக்குழுத் தலைவரே எஃப்எம்மைத் திறந்து விடச் சொல்லி ஆப்பிளைக் கேட்டார். ஐபோன் 7, 8 ரெண்டிலயும் எஃப்எம் சிப்பும் இல்லை, அதுக்கான ஆண்டெனாவும் இல்லை என்று ஆப்பிள் பதில் சொன்னது. ஆண்டெனா இல்லை! அந்தக் கொம்பனிக்கே விளங்கின விஷயம் தெஹிவளைக்கு விளங்கேல்ல.

வெள்ளவத்தை வாசி
எந்த வயரில கேட்டால் என்ன, இப்ப கேட்க என்ன கிடக்கு? 1925இல வானொலி தொடங்கின நகரம் இது. பி.எச். அப்துல் ஹமீத் போல அறிவிப்பாளர்கள் ஒவ்வொரு எழுத்தையும் தெளிவாகச் சொன்ன இடத்தில, இப்ப லகரம், ளகரம், ழகரம் எல்லாம் ஒண்டாப் போச்சு. அதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறேல்ல.

கொட்டாஞ்சேனை கேட்போன்
ஐயா, அவங்க எங்க வீட்டில கதைக்கிற மாதிரித்தான் கதைக்கிறாங்க. கொழும்பு ரேடியோவில கொழும்புத் தமிழ் வந்தா உங்களுக்கு என்ன குறை? காலி வீதியில ஃப்ளாட் வாங்கினவங்க எல்லாம் எங்களுக்கு வாத்தியார் ஆகிட்டாங்க.

வெள்ளவத்தை வாசி
நான் இந்த வீதியில இருக்கத் தொடங்கேக்க நீர் பிறந்தே இருக்க மாட்டீர். உச்சரிப்புக்கு ஊர் இல்லை.

தெஹிவளை நெட்
ரிப்பேர் அண்ணே, ஒரு கேள்வி. சில பட்டன் போன்ல வயர் குத்தாமலே எஃப்எம் ஓடுது. அப்ப ஆண்டெனா உள்ளுக்கே வைக்கலாம்தானே? பதில் சொல்லுங்க.

குறுக்குத்தெரு ரிப்பேர்
நாங்க கதைக்கிறது டச் போன். உங்க பாக்கெட்டில இருக்கிற போன்ல வயர் இல்லாம எஃப்எம் ஓடுமா? அதைச் சொல்லுங்க. போன மழைக்கும் நீங்கதானே "நனைஞ்ச போனை அரிசியில புதைங்க" என்று எழுதினீங்க? அதை நம்பினவங்கட சார்ஜ் ஓட்டையில இருந்து அரிசித் தூளை ஊசியால கிண்டி எடுத்தது நான்.

தெஹிவளை நெட்
கேட்டதுக்குப் பதில் இல்லை, உடனே அரிசி. உலகமே அரிசியில போடுது. ஜாக் போனா கடையில ஹேண்ட்ஸ்ஃப்ரீ விற்காது, அதுதானே கவலை?

குறுக்குத்தெரு ரிப்பேர்
என் கடையில பட்ஸும் விற்கிறேன், அதுலதான் லாபம் கூட. ஆனா ப்ளூடூத் பட்ஸ் ஆண்டெனா ஆகாது. வயர்தான் ஆண்டெனா.

மட்டக்குளி அக்கா
சண்டைக்கு நடுவுல ஒண்டு கேட்கிறேன். மகள்ட புதுப் போன்ல ஜாக் இல்லை. டைப் சி ஹேண்ட்ஸ்ஃப்ரீ குத்தினா எஃப்எம் வருமா?

குறுக்குத்தெரு ரிப்பேர்
சில மாடல்ல வரும் அக்கா, சிலதுல வராது. போன்லயே எஃப்எம் ரேடியோ ஆப் இருக்கா என்று பாருங்க. ப்ளே ஸ்டோர்ல இறக்குறது அனேகமா டேட்டாவுலதான் ஓடும். கொம்பனி உள்ள திறந்து விடாட்டி எந்த வயரைக் குத்தினாலும் பலன் இல்லை.

தெஹிவளை நெட்
பாருங்க! வயர் குத்தினாலும் வராதுன்னு அவரே சொல்லிட்டார்.

குறுக்குத்தெரு ரிப்பேர்
வாசிக்கத் தெரியாதா? எஃப்எம் இருக்கிற போன்ல வயர்தான் ஆண்டெனா என்கிறேன்!

கொலன்னாவை நானா
நான் மேல கேட்டது அப்பிடியே கெடக்கு.

தெஹிவளை நெட்
சனிக்கிழமை கடைக்கு வாறேன். அந்த பட்டன் போனை மேசையில வச்சு, வயர் இல்லாம ஓட்டிக் காட்டுறேன்.

குறுக்குத்தெரு ரிப்பேர்
வாங்க. டச் போனோட வாங்க.

வெள்ளவத்தை வாசி
ழகரத்துக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லேல்ல.