பழைய பாரமானி ஒன்றைத் திருத்த உதவி தேவை (திருகோணமலை)

வணக்கம் உறவுகளே. உவர்மலையில் எங்கள் வீட்டில் அம்மப்பா பாவித்த அனிராய்டு பாரமானி (காற்றின் அமுக்கத்தை அளக்கும் கருவி) ஒன்று இருக்கிறது. 1964 டிசம்பர் புயலுக்கு முன்னம் முள் கீழிறங்கியதை அவர் பார்த்தாராம், அம்மா சொல்லுவா. பித்தளை உடம்பு, முகப்பில் அமுக்க அளவு 28 முதல் 31 அங்குலம் (இரச உயரக் கணக்கு) வரை. உள்ளே இரசம் கிடையாது. காற்று அகற்றிய, மடிப்பு மடிப்பான மெல்லிய உலோகப் பெட்டிதான். அமுக்கம் கூடினால் அது சற்று நசுங்கும், குறைந்தால் உப்பும். அந்த மயிரிழை அசைவை நெம்புகோலும் சின்னச் சங்கிலியும் பெருப்பித்து முள்ளுக்குக் கொடுக்கின்றன.

கோளாறு அந்தச் சங்கிலியில்தான் என்று நினைக்கிறேன். கண்ணாடியில் விரலால் தட்டினால் முள் துள்ளிப்போய் வேறு இடத்தில் நிற்கிறது. நம் பக்கத்தில் காலை 10 மணியளவில் உச்சத்தில் இருக்கும் அமுக்கம், பின்னேரம் 4 மணியளவில் ஏறக்குறைய 3 ஹெக்டோபாஸ்கல் (அமுக்க அலகு) இறங்கும். அன்றாடம் நடப்பது இது. தட்டாமல் விட்டால் முள் அதைக்கூடக் காட்டுவதில்லை. (முகப்பில் 'மழை', 'மாற்றம்' என்று இருப்பதை விடுங்கள், அது குளிர்நாட்டுக்காரருக்கு எழுதியது.)

திருகோணமலையிலோ மட்டக்களப்பிலோ இதைக் கழற்றித் துப்புரவாக்கத் தெரிந்த மணிக்கூடு திருத்துபவர் யாராவது இருக்கிறாரா? சங்கிலிக்கு எண்ணெய் போடலாமா? ஒருவர் போடச் சொல்கிறார், இன்னொருவர் தூசி ஒட்டும் என்கிறார்.

அப்புறம், முள்ளைச் சரிசெய்யும் பின்பக்கத் திருகைச் சீனக்குடா விமானத்தளத்தின் கடல்மட்ட அமுக்க அளவுக்கு வைப்பதா, வீட்டின் உண்மையான அமுக்கத்துக்கு வைப்பதா? 8 மீற்றர் ஏறினாலே 1 ஹெக்டோபாஸ்கல் குறையுமே. அமுக்க உணரி உள்ள கைபேசி வைத்திருப்பவர்கள் பக்கத்தில் இருந்தால் ஒருமுறை வந்து ஒப்பிட்டுப் பார்க்க முடியுமா? தேத்தண்ணி நிச்சயம். மாரி மழை தொடங்க முதல் முடித்தால் நல்லது.