மேக் கணினிகளில் உரிமம் பதியவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். சிங்கப்பூர் ஜூரோங்கில் ஒரு பயிற்சி மையத்தின் மேக் கணினிகளை ஜாம்ஃப் (ஆப்பிள் கருவிகளைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள்) வழியாகப் பராமரிக்கிறேன். வீடியோ எடிட்டிங் மென்பொருள் ஒன்றை நிறுவல் தொகுப்பாக (பேக்கேஜ்) ஆக்கி அனுப்பினால் நிறுவல் ஒழுங்காக முடிகிறது. ஆனால் மாணவர் லாகின் செய்து திறந்ததும் உரிம எண் கேட்கிறது. நிறுவல் முடிந்ததும் ஓடும் போஸ்ட்இன்ஸ்டால் ஸ்கிரிப்ட், மாணவர் கணக்கில் இல்லாமல் ரூட் என்ற தலைமை நிர்வாகக் கணக்கில் ஓடுவதால், உரிமக் கோப்பு அந்த ரூட் கணக்கின் லைப்ரரி ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. எல்லாக் கணக்குக்கும் பொதுவான லைப்ரரியில் வைத்தும் பார்த்தேன்; மென்பொருள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

சரி, லாஞ்ச் ஏஜென்ட் (பயனர் கணக்கில் தானாக ஓடும் சிறு பணி) மூலம் உரிமக் கோப்பை ஒவ்வொருவர் கணக்கிலும் நகலெடுப்பதா, லாகின் நேரத்தில் ஜாம்ஃப் பாலிசியை (ஜாம்ஃபில் அமைத்துவைக்கும் தானியங்கிப் பணி) ஓடவிடுவதா? உரிம எண்ணை ஸ்கிரிப்டில் அப்படியே எழுத எனக்கு மனமில்லை. பேக்கேஜைப் பிரித்தால் யாரும் படித்துவிடலாம்.

திங்கட்கிழமை வகுப்பு தொடங்குகிறது. செய்து பார்த்த அண்ணன்மார், அக்காமார் யாராவது கைகொடுங்கள். ஸ்கிரிப்ட்டையும் இன்ஸ்டால் லாக்கையும் அனுப்பத் தயார்.