சிமுலேஷனில் ஒட்டியது, கையில் ஆடியது: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

கோத்தகிரி_மூடுபனி:
உலோகத்தை அடித்துப் பார்ப்பதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் கணக்காக ஓட்டிப் பார்க்கிற சிமுலேஷன்தான் என் வேலை. வீட்டிலிருந்தே வேலை, பட்டறை கீழே கோவையில். எஃகுக் கிண்ணத்துக்குள் அலுமினியத்தை வைத்து பிரஸ்ஸில் ஒரே அடியில் ஃபோர்ஜ் பண்ணுகிற, அதாவது சூடாக அழுத்தி வடிவாக்குகிற பாகம். எஃகை மட்டும் இண்டக்‌ஷன் காயிலில் (மின்சாரத்தால் சூடேற்றுகிற கம்பிச்சுருள்) 900 டிகிரி வரை ஏற்றி, அலுமினியத்தைக் கடைசி நிமிடம்தான் உள்ளே போடுவோம், அது 660-லேயே உருகிவிடும், இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ராத்திரி சிமுலேஷனை ஓடவிட்டுத் தூங்கினேன். காலையில் பார்த்தால் டை, அதாவது அச்சு, மூலைவரை நிரம்பியிருக்கிறது, இரண்டு உலோகத்துக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இல்லை. சந்தோஷமாகப் பஸ் பிடித்து இறங்கினேன்.

முதல் துண்டு ஆறியதும் பிரஸ் ஓட்டுகிற அண்ணன் அதை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டினார். கொட்டாங்கச்சிக்குள் கொப்பரை ஆடுமே, அதே சத்தம். "ஏந்தம்பி, உங்க கம்ப்யூட்டர்ல இது ஆடலீங்களா?" என்றார். சிரிக்கக்கூட இல்லை மனுஷன், நிஜமாகவே கேட்டார். மூன்று மாசம் ஆச்சு, அந்தச் சத்தம் போகமாட்டேன் என்கிறது.

தேயிலைக்காடு:
இதற்கெல்லாம் கம்ப்யூட்டர் எதற்கு? எங்கள் எஸ்டேட்டுக்குக் கவாத்துக் கத்தி அடித்துக் கொடுத்த பெரியவர் பச்சை இரும்பைப் பிளந்து, நடுவில் உருக்குப் பட்டை செருகி, வெங்காரம் தூவி அடிப்பார். அதுவும் இரண்டு உலோகம்தானே? சின்னப் பையனாகத் துருத்தி பிடித்தபோது ஒருநாள் பார்த்தேன். உலையிலிருந்து எடுத்தவர் நிறத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடிக்காமல் திரும்ப உள்ளே வைத்துவிட்டார். "இன்னும் வெளுக்கல" என்றார், அவ்வளவுதான். அந்தக் கத்தி இன்னும் வீட்டில் இருக்கிறது, விடவே இல்லை. இன்னொன்று, மார்கழிக் குளிரில் உருக்கு வைக்கமாட்டார், ஒட்டாது என்பார். மலையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர்கள் இதையும் சேர்த்துக்கொண்டால் நல்லது.

பழைய_சம்மட்டி:
தேயிலைக்காடு அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். இரும்பும் உருக்கும் இரும்புக் குடும்பம், ஒரே சூட்டில் இரண்டும் இளகும். எஃகும் அலுமினியமும் அப்படியில்லை, ஒன்று இளகுவதற்குள் இன்னொன்று தண்ணியாகிவிடும். ஒட்டினாலும் நடுவில் இரண்டும் கலந்து ஒரு படலம் உண்டாகும், அது கொஞ்சம் தடித்துவிட்டால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். கண்பார்வைக்கு அது சிக்காது.

மார்கழி விஷயத்தில் பெரியவர் சொன்னது சரி, ஆனால் காரணம் காற்று இல்லை. 900 டிகிரியில் தகதகவென்று இருக்கிற இரும்பு வெப்பத்தைப் பெரும்பாலும் கதிர்வீச்சாகத்தான் விடும், வெளியே 10 டிகிரியா 35-ஆ என்பது அதற்குப் பெரிய விஷயமே இல்லை. பட்டடைக்கல் ஜில்லென்று இருக்கும் பாருங்கள், அதுதான் சூட்டை உறிஞ்சும். டையை முன்கூட்டியே சூடுபண்ணுவதும் அதற்குத்தான்.

மூடுபனி தம்பிக்கு, கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். மென்பொருளோடு வருகிற உராய்வு எண்ணை அப்படியே நம்பாதே. வெளிவிட்டம், உள்விட்டம், உயரம் 6:3:2 அளவில் ஒரு வளையம் வெட்டி, உங்கள் மசகையே தடவி நசுக்கிப் பார். உள்துளை சிறுத்தால் உராய்வு அதிகம், விரிந்தால் குறைவு. காயிலிலிருந்து டைக்கு எத்தனை விநாடி என்று கடிகாரம் வைத்துப் பார், நீ 4 போட்டிருப்பாய், அங்கே 10 ஆகும். அப்புறம் அந்த இரண்டு உலோகமும் தொடுகிற இடத்துக்கு என்ன கொடுத்தாய்? பிரியாது என்று நீயே எழுதிக் கொடுத்திருந்தால் அது எப்படிப் பிரித்துக் காட்டும்? என் கதையைச் சொல்ல வந்தேன், இதிலேயே நேரம் போய்விட்டது.

குன்னூர்க்காரி:
எனக்கு இவ்வளவு பெரிய கதையெல்லாம் இல்லை. கல்லூரி புராஜெக்ட், செம்பும் அலுமினியமும், 11 மணி நேர ஓட்டம். 92 சதவீதத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் போடலாம் என்று கதவைத் திறந்தால் வாசலில் காட்டெருமை. விடிகிறவரை அது நகரவில்லை, நானும்தான். சேவ் பண்ணியிருக்கலாமே என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

கோத்தகிரி_மூடுபனி:
சம்மட்டி சார், 4 விநாடிதான் போட்டிருந்தேன், எப்படிக் கண்டுபிடித்தீர்கள்! பிரியாது என்று கொடுத்ததும் நான்தான். ஆனால் பெரிய தப்பு வேறு. பிரஸ் கீழே வந்ததோடு கணக்கை நிறுத்திவிட்டேன், ஆறுவதை ஓட்டவே இல்லை. ஒரு டிகிரிக்கு அலுமினியம் மீட்டருக்கு 23 மைக்ரான் சுருங்கும், எஃகு 12. விட்டம் 40 மில்லிமீட்டர், இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்தபிறகு 400 டிகிரி இறங்கினால் கிட்டத்தட்ட 0.18 மில்லிமீட்டர் வித்தியாசம். உள்ளே இருப்பது அலுமினியம், அப்புறம் ஆடாமல் என்ன செய்யும்.

பிரியலாம் என்று மாற்றி, ஆறுவதையும் சேர்த்து மறுபடி ஓட்டினேன், சுற்றிலும் இடைவெளி அழகாக வந்தது. போன வாரம் படத்தை எடுத்துப்போய் அண்ணனிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இதத்தானுங்க தம்பி நான் அன்னைக்கே ஆட்டிக் காட்டுனேன்" என்றார்.