ஷட்டவுனும் ரீஸ்டார்ட்டும் ஒன்றா?

துருவன்:
செவ்வந்தி எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "ஷட்டவுன் செய்து ஆன் செய்துவிட்டேன் என்று சொன்ன பிறகும் ரீஸ்டார்ட் செய்யச் சொல்கிறார்கள், சப்போர்ட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மூளையே இல்லை" என்கிறார். நான் சப்போர்ட்டில் வேலை பார்த்தவன். 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து இரண்டும் வேறு வேறு. சீக்கிரம் ஆன் ஆவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்கும் கணினியில் ஷட்டவுன் கொடுத்தால், விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலும், கருவிகளை இயக்கும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே டிஸ்கில் எழுதப்படும். ஆன் செய்ததும் அப்படியே திரும்ப ஏறும். கோளாறு பிடித்த டிரைவரும் சேர்ந்தே ஏறும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். இது தெரியாமல் அடுத்தவரை மூளையில்லை என்பதா?

செவ்வந்தி:
என் பெயரைப் போட்டே ஆரம்பித்தாகிவிட்டதா, நல்லது. மின்சாரம் போனால் ரேம் என்ற தற்காலிக நினைவகம் காலி. இதுகூடத் தெரியாமலா சப்போர்ட் பார்த்தீர்கள்? சவுண்ட் வரவில்லை என்று போன் செய்தேன். பாட்டைப் போட்டுக் காக்க வைத்து, ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி, கடைசியில் விண்டோஸையே ரீசெட் செய்யச் சொன்னார்கள். என் கோப்புகள் என்ன ஆவது? பக்கத்து வீட்டுப் பெண் வந்து பார்த்தாள். சவுண்ட் ஸ்பீக்கருக்குப் போகாமல் மானிட்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் ஐகானைத் தட்டி மாற்றினாள், வேலை முடிந்தது.

துருவன்:
சவுண்ட் கதை தனி. ரேம் காலியாகும்தான், யார் இல்லை என்றது? அதில் இருந்தது டிஸ்கில் பத்திரமாக இருக்கிறதே! டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், சிபியு என்று போங்கள். கீழே அப்டைம், அதாவது கணினி தொடங்கி எவ்வளவு நேரம் ஆனது என்ற கணக்கு, ஓடும். ஷட்டவுன் செய்து ஆன் செய்தாலும் அது பூஜ்யத்துக்கு வராது. ரீஸ்டார்ட் செய்தால் வரும்.

நீலவண்டு:
விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுவிட்டால் இந்தத் தலைவலியே கிடையாது.

கருவேலன்:
வந்துவிட்டாரய்யா. பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று நான் கேட்டபோதும் விண்டோஸை அழிக்கச் சொன்னவர் இவர்தான். அச்சுக்கு அனுப்பியதை வரிசையில் வைக்கும் ஸ்பூலர் சர்வீஸை நிறுத்தி, சிக்கிக் கிடந்ததை நீக்கிவிட்டுத் திரும்பத் தொடங்கினேன், அடித்தது. நான் மறக்கவில்லை.

நீலவண்டு:
உதவி செய்ய வந்தவனை அன்றைக்கும் திட்டினீர்கள், இன்றைக்கும் திட்டுகிறீர்கள். அதே பிரிண்டர் மறுபடி மக்கர் செய்ததே, அதை ஏன் சொல்லவில்லை?

கருவேலன்:
அது காகிதம் சிக்கியதால். இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள்.

செவ்வந்தி:
பிரிண்டர் சண்டையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். துருவன் சார், எழுதிக் கொடுத்ததை வாசிப்பதற்குப் பெயர் சப்போர்ட்டா? மின்சாரம் போனால் ரேம் காலி, அவ்வளவுதான்.

துருவன்:
வாசிக்கத்தான் வேண்டும். ஒரு கேள்வியைத் தாண்டினால், அழைப்பின் பதிவைக் கேட்கிற மேலதிகாரி மதிப்பெண்ணை வெட்டுவார். மானிட்டர் பட்டனை அமுக்கிவிட்டு "கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன்" என்பவர்களிடமும் பேசியிருக்கிறேன். அப்புறம் எப்படிக் கேட்காமல் இருப்பது? ஷட்டவுன்தான் வேண்டும் என்றால் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு கொடுங்கள், முழுதாக அணையும். சும்மா ஷட்டவுன் கொடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன் என்று சப்போர்ட்டைத் திட்டாதீர்கள்.

கருவேலன்:
என் கணினியில் இப்போது பார்த்தேன். ஷட்டவுன் செய்து ஆன் செய்தேன், அப்டைம் பூஜ்யத்திலிருந்து ஓடுகிறது.

செவ்வந்தி:
பார்த்தீர்களா!

துருவன்:
என்ன பார்த்தீர்களா? ரேமில் இருப்பதை டிஸ்கில் எழுதிவிட்டு அணையும் ஹைபர்னேட் வசதியை அணைத்து வைத்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் இருக்காது. கருவேலன், கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸில் பவர் பட்டன் அமைப்பைத் திறங்கள். அங்கே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்புக்கான டிக் இருக்கிறதா?

கருவேலன்:
அப்படி ஒன்றே காணோம்.

துருவன்:
இருக்காது, அதைத்தானே சொல்கிறேன்! செவ்வந்தி, உங்கள் கணினியில் பார்த்து அப்டைம் படத்தைப் போடுங்கள்.

செவ்வந்தி:
உங்களுக்குப் படம் போட்டு நிரூபிக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. ரீசெட் செய்யச் சொன்னது சரியா தப்பா, அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

துருவன்:
படத்தைப் போடுங்கள், அப்புறம் பேசலாம்.

நீலவண்டு:
கருவேலன், காகிதம் சிக்கியது என்று அன்றைக்கு நீங்கள் சொல்லவே இல்லையே?