நீலம் பட்ட பல் மெழுகாமே!

கீரமங்கலத்தான் | காலை 7.40
நேற்று மரம் அறுக்கிற மிஷினின் பழைய செயின் பற்றிய இழையில் உருட்டரம் என்பவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. வராதவர்களுக்காக அவர் சொன்னதை அப்படியே போடுகிறேன்: "கிரைண்டரில் பிடித்த செயின் செத்த செயின். பல் நீலமாகும். நீலமான பல் மெழுகு. பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு அரம் வாங்குங்கள்." இதற்குக் கீழே பதினோரு பேர் கைதட்டல் வேறு.

நான் 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த வாரத்திலிருந்து மேஜை கிரைண்டரில்தான் செயினுக்குக் கூர் பிடிக்கிறேன். அப்போது எங்கள் பக்கம் நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு செயின் வாசலில் கிடக்கும். சாய்ந்த தென்னை வேரும் மண்ணுமாகக் கிடக்கிறது. வெளிவட்டம் இரும்பு, உள்ளே பஞ்சு. அடியில் மண்ணைத் தொட்ட செயின் அரை மணி நேரத்தில் சீவலைத் துப்புவதை விட்டுவிட்டு மாவு கொட்ட ஆரம்பித்துவிடும். அத்தனையையும் அரத்தால் தேய்த்திருந்தால் இன்றைக்கும் தேய்த்துக்கொண்டுதான் இருப்பேன்.

ஒரே ஒரு கேள்வி. நீலமான பல்லில் அரம் வைத்துப் பார்த்திருக்கிறாரா? வழுக்கும். கண்ணாடியில் ஆணி இழுத்த மாதிரி கிரீச்சென்று போகும். மெழுகில் அரம் வழுக்குமா?

உருட்டரம் | காலை 8.05
இரும்பு நீலமானால் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸைத் தொட்டிருக்கிறது என்று பொருள். வெளிர் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம். நிறம் ஏற ஏற டெம்பர், அதாவது இரும்பின் கெட்டித்தன்மை, இறங்கும். கொல்லன் பட்டறையில் துருத்தி ஊதுகிற பையனுக்கும் தெரிந்த விஷயம். டெம்பர் இறங்கினால் மெழுகு. உங்கள் மனசு ஆறாததற்கு என்னிடம் மருந்து இல்லை.

கீரமங்கலத்தான் | காலை 8.09
அரம் வழுக்குமா, வழுக்காதா?

உருட்டரம் | காலை 8.11
மெழுகா, இல்லையா?

தைலக்காடு | காலை 9.30
அண்ணே, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் இந்த வேலைக்குப் புதுசு. 85 வாட் கிரைண்டர் ஒன்று வாங்கிப் பலகையில் முடுக்கி வைத்திருக்கிறேன். என் மிஷின் 58 சிசி, 20 இஞ்ச் பார் (செயின் ஓடுகிற தகடு), .325 இஞ்ச் அளவுச் செயின், 76 லிங்க். கூடவே 3.2 மி.மீ. தடிமனில் தீட்டுகிற கல் வந்தது. சாய்வு எவ்வளவு வைப்பது?

கீரமங்கலத்தான் | காலை 10.02
வேலையைப் பற்றிக் கேட்க ஒருத்தராவது வந்தாரே. தம்பி, .325-க்கு 3.2 கல் சரி. முழு 3/8 செயின் வந்தால்தான் 4.7 கல் வேண்டும்.

முதலில் செயினை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுப் பிரஷ்ஷால் கழுவி, காயவிட்டுத் துடை. பிசினும் எண்ணெயும் இருந்தால் கல்லின் கண் அடைத்துக்கொள்ளும், கண் அடைத்த கல் வெட்டாது, உரசும், உரசினால் சூடு. பாதிப் பேர் நீலமாக்குவது இதனால்தான். அப்புறம் கல்லின் விளிம்பைத் தீட்டுக்கட்டி வைத்து வட்டமாக்கிக்கொள். பல்லின் உள்வளைவு அந்த வட்டத்திலிருந்துதான் பிறக்கிறது. நாலைந்து பல்லுக்கு ஒரு தரம் கட்டியைத் தொட்டு எடு. நான் அப்படித்தான்.

மேஜையை 30 டிகிரியில் திருப்பி வை. 76 லிங்க்குக்கு 38 பல்; அத்தனையையும் பார்த்து எது ரொம்பத் தேய்ந்து குட்டையாக இருக்கிறதோ அதற்கு நிறுத்தத் திருகாணியை வை. மற்றதெல்லாம் அந்த அளவுக்கு வரவேண்டும். ஒரு பக்கத்துப் பல் நீளம், மறுபக்கம் குட்டை என்றால் மிஷின் நேராக அறுக்காமல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். ஒரு பக்கத்து 19 பல்லையும் முடித்துவிட்டு மேஜையை எதிர்ப்பக்கம் திருப்பு. திருப்பியதும் பழைய நிறுத்தத்தை நம்பாதே, முதல் பல்லை மெதுவாகத் தொட்டுப் பார். கல் கீழே இறங்கி லிங்க்கின் பட்டையைக் கடிக்கக் கூடாது.

கல்லை அழுத்திப் பிடிக்காதே. தொடு, எடு. தொடு, எடு. தோசைக்கல் சூடு பார்க்கத் தண்ணீர் தெளிக்கிறோமே, அந்தச் ‘சுர்’ அளவுக்குத்தான் ஒவ்வொரு தொடுதலும். நுனியில் அரிசி முனை அளவுக்கு நீலம் ஏறினால் நிறுத்து, ஆறட்டும். பயப்படாதே. நீலம் தோலோடு சரி. அடுத்த லேசான தொடுதலில் போய்விடும். மெழுகு ஆகாது. வாசகர்கள் கவனிக்கவும்: மெழுகு ஆகாது.

உருட்டரம் | காலை 10.20
அரைப் பக்கம் எழுதி, கடைசியில் "நீலம் ஏறினால் நிறுத்து" என்கிறார். ஏன் நிறுத்த வேண்டும்? கெட்டிப்படுகிறது என்றால் நல்லதுதானே, முழுப் பல்லையும் நீலமாக்கி வைரமாக்கிக்கொள்ளலாமே.

தம்பி தைலக்காடு, 4.8 மி.மீ. உருட்டு அரம் ஒன்று வாங்கு. டேங்க்கில் பெட்ரோல் ஊற்றுகிற நேரத்தில் மரத்தடியிலேயே உட்கார்ந்து பல்லுக்கு மூன்று இழுப்பு, எப்போதும் உன் பக்கத்திலிருந்து வெளியே தள்ளி. கரண்ட் வேண்டாம், பலகை வேண்டாம், நீலம் வேண்டாம். மழுங்கவிட்டு மொத்தமாகச் சானை பிடிக்கிறவன்தான் செயினைக் கொல்கிறான். பல்லின் மேல் தேய்மானக் கோடு ஒன்று போட்டிருப்பார்கள். அரத்தில் அதுவரை போக ஒரு வருஷம் ஆகும், கிரைண்டரில் ஒரு மாசம்.

இலக்கணப்பூனை | காலை 10.26
சாணை. மூன்று சுழி ண.

உருட்டரம் | காலை 10.31
எங்கள் ஊரில் சானைதான். செயின் அறுத்தால் போதும், சுழி எத்தனை என்று மரம் கேட்காது.

இலக்கணப்பூனை | காலை 10.33
மரம் கேட்காது. நாங்கள் கேட்போம். நேற்று வேறு ‘மெலுகு’ என்று எழுதினீர்கள். கீரமங்கலத்தார் திருத்திப் போட்டிருக்கிறார்.

டூல்ரூம்_ஓய்வு | காலை 11.15
நாற்பது வருஷம் இரும்போடு இருந்தவன் என்பதால் ஒரு வார்த்தை. நீங்கள் இரண்டு பேரும் வேறு வேறு சூட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். 300 டிகிரியில் நின்றால் டெம்பர் கொஞ்சம் இறங்கும், உண்மை. ஆனால் கல்லுக்கு அடியில் பல்லின் நுனி கண் இமைக்கிற நேரத்தில் செஞ்சூட்டைத் தாண்டிவிடலாம். கல் விலகியதும் பின்னால் இருக்கிற குளிர்ந்த இரும்பே அந்தச் சூட்டைச் சடக்கென்று உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீரில் தோய்த்தது மாதிரிதான். மேல்தோல் கண்ணாடிபோல் கெட்டிப்படும், நொறுங்கும். அரம் வழுக்குவது அங்கே. அதற்கு அடியில் தளர்ந்த இரும்பு இருக்கும். ஒரே பல்லில் இரண்டும் இருக்கலாம். அதனால் முதலில் ‘நீலம்’ என்றால் எந்த அளவு, ‘மெழுகு’ என்றால் எந்த இடம் என்று இருவரும் சொல்லிவிட்டுப் பேசினால் நல்லது.

கீரமங்கலத்தான் | காலை 11.18
பெரியவரே சொல்லிவிட்டார். அரம் வழுக்கும்.

உருட்டரம் | காலை 11.19
"டெம்பர் கொஞ்சம் இறங்கும், உண்மை." நன்றி ஐயா. இத்தோடு முடிந்தது.

டூல்ரூம்_ஓய்வு | காலை 11.25
நான் சொன்னது அதுவல்ல.

கீரமங்கலத்தான் | பகல் 1.50
சாப்பிட்டுவிட்டு வந்தேன். இன்னொன்றும் சொல்கிறேன், அரப் பக்தர்கள் கேட்டுக்கொள்ளட்டும். பல்லின் மேல் தகட்டில் குரோம் பூச்சு இருக்கிறது. வெட்டுகிற விளிம்பைத் தாங்குவது அதுதான். அறுக்கும்போது கல்லிலோ ஆணியிலோ பட்டால் அந்தக் குரோம் விளிம்பில் பெயர்ந்துவிடும். பெயர்ந்த இடம் முழுக்கப் போகும்வரை பின்னால் தேய்த்தால்தான் கூர் நிற்கும். அரத்தில் மூன்று இழுப்பு இழுத்துவிட்டுப் பளபளக்கிறதே என்று மிஷினைத் தூக்கினால் பத்து நிமிஷத்தில் மறுபடி மாவு. அந்த மாதிரி செயினுக்கு அரத்தில் பல்லுக்கு நாற்பது இழுப்பு. 38 பல். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தப் பல்லின் கதையே தெரியாமல் பேசுகிறார்கள். 1946-ல் அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்துக் காட்டில் ஜோ காக்ஸ் என்பவர் ஒரு வண்டுப் புழு மரத்தைக் குடைவதைப் பார்த்தார். அதன் வாய் இடமும் வலமுமாகக் கொறித்துப் போவதைப் பார்த்துத்தான் இந்தச் சீவுளிப் பல்லைச் செய்தார். அதற்கு முன் செயினில் இருந்தது ரம்பப் பல் மாதிரி நேர்ப்பல்.

உருட்டரம் | பகல் 2.04
நீலத்தைக் கேட்டால் புழுவைக் காட்டுகிறார். அந்தப் புழு கிரைண்டரிலா பல் தீட்டியது?

பண்ருட்டிப்_பலா | பகல் 2.30
2011 டிசம்பரில் தானே புயலுக்கு எங்கள் பலாவும் முந்திரியும் சரிந்தபோது அரமும் இல்லை, கிரைண்டரும் இல்லை. கோடாரிதான். இப்போது பல் நீலமா பச்சையா என்று சண்டை. நடத்துங்கள்.

கேட்க வந்தது வேறு: பெட்ரோலில் கலக்கிற 2டி ஆயில் லிட்டருக்கு எவ்வளவு ஊற்றுகிறீர்கள்? ஒருவர் 25-க்கு 1 என்கிறார், ஒருவர் 50-க்கு 1 என்கிறார்.

கீரமங்கலத்தான் | பகல் 2.34
மிஷின் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அது. அதற்குத் தனி இழை போடுங்கள். இங்கே அரம் வழுக்குமா என்பது மட்டும்தான்.

உருட்டரம் | பகல் 2.40
தனி இழை என்றதும் ஞாபகம் வருகிறது. பொங்கலுக்கு முன்னால் விற்பனைப் பகுதியில் ஒருவர் "பயன்படுத்தாத கல், இரண்டு" என்று போட்டார். 800 ரூபாய் அனுப்பி வாங்கினேன். ஆணியில் மாட்டி ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டினால் நல்ல கல் மணிபோலப் பாட வேண்டும். இரண்டில் ஒன்று ‘தொப்’ என்றது. விரிசல். அதை மாட்டி ஓட்டியிருந்தால் துண்டு என் கண்ணில் இருந்திருக்கும். விற்றவர் பெயர் வேண்டாம். கஜாவிலிருந்து செயின் பிடிக்கிறாராம்.

கீரமங்கலத்தான் | பகல் 2.43
அப்படியானால் அரப் பக்தர் கல் எதற்கு வாங்கினார்?

உருட்டரம் | பகல் 2.44
ரேக்கர் தேய்க்க. பல்லுக்கு முன்னால் வெட்டு ஆழத்தைக் கட்டுப்படுத்துகிற மேடு.

கீரமங்கலத்தான் | பகல் 2.52
ரேக்கருக்குத் தட்டை அரமும் அளவுத் தகடும் போதும். 0.025 இஞ்ச், அதாவது 0.65 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு, பல்லுக்குக் கீழே இருக்கவேண்டும். அதற்குக் கிரைண்டர் கல் வாங்கியவர் எனக்கு அரப் பாடம் எடுக்கிறார். என் வீட்டிலிருந்து கிளம்பும்போது கல் முழுசாகத்தான் இருந்தது. பார்சல்காரன் தூக்கிப் போட்டால் நான் என்ன செய்ய? நான் பனியன் துணியில் சுற்றி அனுப்பினேன்.

உருட்டரம் | பகல் 2.55
சுற்றியது செய்தித்தாளில். போட்டோ இருக்கிறது.

இலக்கணப்பூனை | பகல் 3.01
ஸ்குரூ டிரைவருக்குத் ‘திருப்புளி’ என்று நல்ல சொல் இருக்கிறது.

உருட்டரம் | பகல் 3.02
பூனைக்கு யாராவது பால் ஊற்றுங்களேன்.

தைலக்காடு | மாலை 6.15
அண்ணன்மார்களுக்கு வணக்கம். கண்ணாடி போட்டுக்கொண்டு இன்று பிடித்துப் பார்த்தேன். கல்லைத் தட்டியும் பார்த்தேன், மணிச் சத்தம் வந்தது. முதல் ஏழு பல் நன்றாக வந்தது. அப்புறம் வீட்டில் கூப்பிட்டார்கள், திரும்பிப் பார்த்துக்கொண்டே அழுத்திவிட்டேன். இரண்டு பல் நீலம். ஆறவிட்டு அரம் வைத்துப் பார்த்தேன். ஒரு பல்லில் அரம் வழுக்கியது. இன்னொன்றில் சாதாரணமாகவே பிடித்தது, கொஞ்சம் கூடுதலாகவே தேய்ந்த மாதிரி இருந்தது.

கீரமங்கலத்தான் | மாலை 6.17
வழுக்கியது! எல்லாரும் படித்தீர்களா? வழுக்கியது. புதுசாக வந்த பையனே சொல்கிறான்.

உருட்டரம் | மாலை 6.18
"கூடுதலாகவே தேய்ந்த மாதிரி." மெழுகு. இதைத்தானே நேற்றிலிருந்து கத்துகிறேன்.

டூல்ரூம்_ஓய்வு | மாலை 6.40
தம்பி, இரண்டு பல்லிலும் நீலம் நுனியிலா, எவ்வளவு அகலத்துக்கு என்று சொல்ல முடியுமா? அந்தக் கெட்டித் தோலை லேசான தொடுதலில் எடுத்துவிட்டு மறுபடி அரம் வைத்துப் பார்த்தால்...

கீரமங்கலத்தான் | மாலை 6.41
ஐயா, இனி என்ன பார்ப்பது? வழுக்கியாகிவிட்டது.

தைலக்காடு | இரவு 8.05
ஒரு உதவி. செயினை மாட்டி ஒரு தைல மரம் அறுத்தேன். வெட்டு வாழைப்பழம் மாதிரி வலப்பக்கம் வளைந்துகொண்டு போகிறது. அந்த இரண்டு பல்லும் ஒரே பக்கம். அதனாலா? இல்லை, மேஜையைத் திருப்பியபோது அளவு மாறிவிட்டதா?

உருட்டரம் | இரவு 8.12
அதை அப்புறம் பார்க்கலாம் தம்பி. அந்த மெழுகுப் பல்லைப் பக்கத்திலிருந்து போட்டோ எடுத்துப் போடு, சில பேருக்குக் காட்டவேண்டியிருக்கிறது.

கீரமங்கலத்தான் | இரவு 8.13
வழுக்கிய பல்லைப் போடு. அதை மட்டும் போடு.

உருட்டரம் | இரவு 8.15
போடுகிறபோது செய்தித்தாளில் சுற்றாமல் போடச் சொல்லுங்கள். 800 ரூபாய் இன்னும் வரவில்லை.