முதன்மையும் கிளையும்: ஞாயிறு இரவுக்குள் இரண்டு சொல் வேண்டும்

வியாழன் இரவு, செ. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

வீடியோ கேம் பட்டியல் தளம் ஒன்றைத் தன்னார்வலர்கள் நான்கு பேர் சேர்ந்து தமிழாக்கி வருகிறோம். எல்லாம் முடிந்து இரண்டு பொத்தான்களில் வந்து நிற்கிறோம். ஆங்கிலத்தில் ஒன்று மெயின்லைன், மற்றொன்று ஸ்பின்-ஆஃப். ஞாயிறு இரவு கோப்பை அனுப்பியாக வேண்டும். பொத்தானுக்குள் பன்னிரண்டு எழுத்துக்கு மேல் அடங்காது.

பொருள் தெரியாதவர்களுக்காக ஓர் எடுத்துக்காட்டு. ஜப்பானில் 1986-இல் டிராகன் குவெஸ்ட் என்ற பாத்திரமேற்று ஆடும் ஆட்டம் வந்தது. அதே பெயரில் இரண்டு, மூன்று என்று எண் தாங்கி 2017-இல் பதினொன்றாவது வந்தது. இவை மெயின்லைன் பொத்தானுக்குள். நான்காவது ஆட்டத்தில் டோர்னேகோ என்றொரு வணிகர் வருவார். அவர் மட்டும் தனியே நிலவறைக்குள் இறங்கிப் பொருள் தேடும் ஆட்டம் 1993-இல் வந்தது. அரக்கர்களைப் பிடித்து வளர்க்கும் ஆட்டம் 1998-இல். கட்டை கட்டையாக அடுக்கி ஊர் எழுப்பும் ஆட்டம் 2016-இல். இவை ஸ்பின்-ஆஃப் பொத்தானுக்குள்.

முதல் வரைவில் ‘முதன்மை ஆட்டங்கள்’, ‘துணை ஆட்டங்கள்’ என்று போட்டிருந்தேன். ‘துணை’ என்பது மனத்துக்கு ஒப்பவில்லை. துணைவேந்தர், துணை ஆட்சியர் என்றால் மேலே ஒருவர் இருக்கிறார், இவர் அவருக்காக வேலை செய்கிறார் என்றாகிறது. டோர்னேகோ யாருக்காகவும் வேலை செய்யவில்லை. தனிக் கடையே போட்டுவிட்டார். நல்ல சொல் தந்து உதவுங்கள்.

அன்புடன்,
செ.

வெள்ளி காலை, ந. எழுதியது:

அன்புள்ள செ. அம்மையாருக்கு,

இந்த ஆட்டங்களை நான் ஆடியதில்லை. ஆனால் நீங்கள் கேட்கும் பாகுபாடு தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியர் மரபியலில் நூலை முதலும் வழியும் என இரண்டாகப் பகுத்தார். நன்னூலார் ‘முதல்வழி சார்பென நூல்மூன் றாகும்’ என்று மூன்றாக்கினார். அந்த மூன்றாவதே நமக்கு வேண்டியது. சார்புநூலுக்கு அவர் தரும் மறுபெயர் புடைநூல்:

‘இருவர் நூற்கும் ஒருசிறை தொடங்கித்
திரிபுவே றுடையது புடைநூ லாகும்.’

ஒருசிறை தொடங்குதல் என்றால் ஒரு பகுதியை மட்டும் பற்றிக்கொண்டு தொடங்குதல். நான்காம் ஆட்டத்தின் ஒரு வணிகரை மட்டும் பற்றிக்கொண்டு தொடங்கியது என்கிறீர்கள். திரிபுவேறு உடையது என்றால் பிறவகையில் வேறுபட்டது. நிலவறை, வளர்ப்பு, கட்டுமானம் எல்லாம் அதுதானே? இவ்வளவு பொருந்தும் இலக்கணம் கையில் இருக்கும்போது வெளியே தேட வேண்டியதில்லை. முதலாட்டம், புடையாட்டம். இரண்டும் பன்னிரண்டு எழுத்துக்குள் அடங்கும்.

ந.

வெள்ளி நண்பகல், இ. எழுதியது:

வணக்கம். ஒசாகாவில் வேலை பார்க்கிறேன். பதினைந்து வயதிலிருந்து இந்த ஆட்டங்களோடு இருப்பவன் என்பதால் இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஜப்பானியர் முதன்மையானதை ஹொம்பென் என்பர். அதன் முதல் எழுத்து, மரத்தைக் குறிக்கும் எழுத்தின் அடியில் ஒரு கோடு இழுத்தது. அதாவது வேர், அடி. நம் ‘மூலம்’ என்ற சொல்லுக்கும் வேர் என்ற பொருள் உண்டு. மற்றதற்கு அவர்களிடம் இரண்டு சொற்கள். ஒன்று கைடென்: வெளியே வழங்கும் கதை, புறவரலாறு. மற்றொன்று ஹசேய்: கிளைத்துப் பிறத்தல். இதன் முதல் எழுத்து ஓர் ஆறு பிரிந்து ஓடுவதைக் காட்டுவது. ஒருபுறம் மரம், மறுபுறம் ஆறு. இரண்டு படிமமும் நமக்குப் பழகியவைதாம்.

ஐயா சொன்ன ‘முதலாட்டம்’ பற்றி ஒரு தயக்கம். முதல் என்றதும் ஒன்றாவது என்றே படிப்பார்கள். பதினொன்றாவது ஆட்டத்தை முதலாட்டம் என்றால் குழப்பம் வரும்.

இ.

வெள்ளி மாலை, மு. எழுதியது:

நண்பர்களே, கல்லூரியில் ஆட்ட வடிவமைப்புப் பாடம் எடுக்கிறேன். இந்தச் சொல் எனக்கும் திங்கட்கிழமை வகுப்புக்குத் தேவை. இன்று கரும்பலகையில் விளக்கம் எதுவும் இல்லாமல் ‘புடையாட்டம்’ என்று எழுதி, என்ன பொருள் என்று கேட்டேன். ஒருவர் வீக்கம் என்றார். ஒருவர் முறத்தில் புடைப்பது என்றார். சிற்பக்கலை படித்துவிட்டு வந்த மாணவி புடைப்புச் சிற்பத்தைச் சொன்னார். பக்கம் என்ற பொருளை ஒருவரும் சொல்லவில்லை. அடுத்து ‘கிளை ஆட்டம்’ என்று எழுதினேன். விளக்காமலே புரிந்துகொண்டார்கள். கிளைக்கதை என்ற சொல் அவர்களுக்குப் பள்ளியிலேயே தெரியும்.

நன்னூல் நூற்பா பொருந்துகிறது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பொத்தானை அழுத்துகிறவர் நூற்பா படித்துவிட்டு வரமாட்டார். ஜப்பானியரே இன்று ஸ்பின்-ஆஃப் என்பதைத் தங்கள் எழுத்தில் எழுதிப் பேசுகிறார்கள். எண் தாங்கியவற்றை நம்பரிங் டைட்டில் என்கிறார்கள். தூய்மைக்காக வாசகரை இழக்க வேண்டாம்.

மு.

வெள்ளி இரவு, ந. எழுதியது:

மு. அவர்களின் மாணவர்களுக்குப் ‘புடை’ தெரியவில்லை என்றால், அவர்கள் அறிந்த சொல்லைக் கொண்டே காட்டியிருக்கலாம். ‘பரிவாரம் புடைசூழ மன்னர் வந்தார்’ என்று படித்திருக்கமாட்டார்களா? அங்கே புடை என்பது பக்கம்தானே? இலக்கண உரையாசிரியர்கள் வினையைப் பொருளின் புடைபெயர்ச்சி என்பர். நின்ற இடத்திலிருந்து பக்கம் பெயர்தலே அசைவு என்ற நுட்பம் அச்சொல்லில் இருக்கிறது. புடைவை என்ற சொல்லும் உடலின் பக்கமெல்லாம் சூழ்வதால் வந்தது என்பது என் கருத்து. முறத்தில் புடைக்கும்போது என்ன நடக்கிறது? நெல் நடுவில் நிற்கிறது, பதர் பக்கத்தே ஒதுங்குகிறது. ஆகவே வீக்கம், அடித்தல், பக்கம் என்னும் மூன்றும் ஒரே வேரின் மூன்று நிலைகள் என்றே கருதுகிறேன். நடுவிலிருந்து வெளியே தள்ளுதல் என்பதே அடிப்பொருள். இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல் அமையுமா?

‘கிளை’ எளிது என்பதால் ஏற்க வேண்டியதில்லை. மரத்தை விட்டுக் கிளையைப் பிரித்தால் அது பட்டுப்போகும். உங்கள் டோர்னேகோ பட்டுப்போனாரா?

ந.

வெள்ளி நள்ளிரவு, மு. எழுதியது:

ஐயா, பதர் ஒதுங்கும் என்று சொல்லி உங்கள் சொல்லுக்கே தீங்கு செய்துவிட்டீர்கள். புடையாட்டம் என்றால் பதர் என்று பொருள்படுவதை இந்த ஆட்டங்களை நேசிப்பவர்கள் ஏற்கமாட்டார்கள்.

கிளை பட்டுப்போகும் என்றீர்கள். கிளைக்குச் சுற்றம் என்ற பொருளும் உண்டல்லவா? ‘கேட்டினும் உண்டோர் உறுதி கிளைஞரை நீட்டி அளப்பதோர் கோல்’ என்ற குறளில் வரும் கிளைஞர் வெட்டினால் வாடும் கொம்புகள் அல்லர். ஆற்றுக்கும் கிளை உண்டு. முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. பெயரளவில் கிளைதான். வெள்ளக் காலத்தில் பெருநீரைச் சுமந்து கடலுக்குக் கொண்டுபோவது அதுதான். நான் அந்தக் கரையில் பிறந்தவன். கிளை என்றால் சிறியது என்று என்னால் நினைக்கவே முடியாது.

மு.

சனி காலை, ர. எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம். இ. சொன்ன கைடென் என்பதை அப்படியே ‘புறக்கதை’ என்று கொள்ளலாமே என்று முதலில் நினைத்தேன். பிறகு புறக்கணிப்பு, புறங்கூறல், புறந்தள்ளல் எல்லாம் நினைவுக்கு வந்து கைவிட்டேன். புறநானூற்றைப் பெற்ற மொழியில் ‘புறம்’ இப்படித் தாழ்ந்துபோனது வருத்தம் தருகிறது. அது வேறு கதை.

என் பரிந்துரை தாய்த்தொடர், சேய்த்தொடர். சேய் என்றால் பிள்ளை. சேய்மை என்றால் தொலைவு. தாயிடம் பிறந்து தொலைவுக்குப் போனது என்ற இரு பொருளும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன.

ர.

சனி நண்பகல், இ. எழுதியது:

ர. அக்காவின் சொல் அழகாக இருக்கிறது. ஆனால் தாய், சேய் என்றால் பிறந்த வரிசை மாறாது. இந்தத் தொடர்களில் அது மாறுகிறது. அதனால்தான் நான் விடாமல் எழுதுகிறேன்.

ஃபைனல் ஃபேன்டசி என்பது மற்றொரு ஜப்பானிய ஆட்டத்தொடர். 2006-இல் அதில் ஃபைனல் ஃபேன்டசி வெர்சஸ் 13 என்று ஓர் ஆட்டத்தை அறிவித்தார்கள். பதின்மூன்றாவதை ஒட்டி வரும் பக்க ஆட்டம். ஆண்டுகள் ஓடின. 2013-இல் அதன் பெயரை ஃபைனல் ஃபேன்டசி 15 என்று மாற்றினார்கள். 2016-இல் வெளிவந்தபோது அது முதன்மை வரிசையின் பதினைந்தாவது. கிளை தண்டாகிவிட்டது.

மறுதிசையிலும் உண்டு. 1991-இல் கேம் பாய் கருவிக்கு வந்த செய்கென் டென்செட்சு தன் பெயரிலேயே ‘ஃபைனல் ஃபேன்டசி கைடென்’ என்று தாங்கியிருந்தது. 1993-இல் அதன் இரண்டாம் பாகம் வந்தபோது அந்தப் பட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டது. இன்று அது மானா என்ற பெயரில் அறியப்படும் தனித்தொடர்.

இன்னொன்று பெர்சோனா. மெகாமி டென்செய் என்ற தொடர் ஒரு புதினத்தை வைத்து 1987-இல் தொடங்கியது. அதிலிருந்து 1996-இல் மெகாமி இபுன்ரோகு பெர்சோனா பிரிந்தது. இபுன்ரோகு என்றால் வேறாகக் கேட்டவற்றின் பதிவு. பிரிந்த பெர்சோனா தனக்கென்று எண் வரிசை போட்டுக்கொண்டது. பிறகு அதற்கே கிளைகள் வந்தன: 2012-இல் நான்காம் பெர்சோனாவின் மாந்தர் சண்டையிடும் ஆட்டம், 2015-இல் அவர்களே நடனமாடும் ஆட்டம். இன்று மெகாமி டென்செய் என்ற பெயரே கேள்விப்படாதவர்களுக்கும் பெர்சோனா தெரியும்.

இதற்கு என் மனத்தில் இருக்கும் படிமம் ஆலமரத்தின் விழுது. கிளையிலிருந்து இறங்கும், மண்ணைத் தொடும், வேர்விடும், தானே அடிமரம்போல் பருக்கும். பழைய அடிமரம் எது, விழுது எது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. ‘விழுதாட்டம்’ என்று வைக்கலாமா?

இ.

சனி மாலை, செ. எழுதியது:

இவ்வளவு அக்கறையோடு எழுதியதற்கு நன்றி. விழுதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை. ஆனால் எல்லாக் கிளையும் விழுதுவிடுவதில்லை. டோர்னேகோவுக்குப் பொருந்தும். ஒரே ஒரு முறை வந்து மறைந்த ஆட்டத்துக்குப் பொருந்தாது.

எனக்கு வேறொரு சிக்கல் வந்திருக்கிறது. ஃபைனல் ஃபேன்டசியில் எண் தாங்கிய ஒவ்வொன்றும் புதிய உலகம், புதிய மாந்தர். 1987-இல் வந்த முதல் ஆட்டத்தின் கதை இரண்டாவதில் தொடர்வதில்லை. பதினொன்றும் பதினான்கும் இணையத்தில் பலர் கூடி ஆடுபவை. ஆடும் முறையே வேறு, ஆயினும் முதன்மை வரிசை. 2003-இல் வந்த எக்ஸ்-2 ஆட்டமோ பத்தாவது ஆட்டத்தின் அதே உலகில், அதே நாயகி யூனாவை வைத்து, கதையை உண்மையாகவே தொடர்கிறது. அதற்கு முதன்மை வரிசையில் தனி எண் இல்லை. கதையைத் தொடராதவை எல்லாம் தொடரின் உறுப்பு, தொடர்ந்தது வெளியே. போதாததற்கு, நான்காவது ஆட்டம் 1991-இல் வட அமெரிக்காவுக்குப் போனபோது அங்கே இரண்டு என்றே பெயர் பெற்றது. 1994-இன் ஆறாவது அங்கே மூன்று. ஆகவே ‘எண்வரிசை’ என்று பெயர் வைத்தும் தப்பிக்க முடியவில்லை.

முதன்மை என்பது கதையாலும் வருவதில்லை, ஆடும் முறையாலும் வருவதில்லை. வெளியிடுபவர் இதுதான் அடுத்தது என்று அறிவிப்பதால் வருகிறது என்று எனக்குப் படுகிறது. அப்படியானால் எக்ஸ்-2 எங்கே?

செ.

சனி இரவு, ந. எழுதியது:

எக்ஸ்-2 வழிநூல். ஐயமே இல்லை. ‘முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப் பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி’ வருவது அது: முன்னதன் முடிபை ஏற்று, தான் வேண்டும் வேறுபாட்டையும் சேர்ப்பது. முதல், வழி, புடை என்று மூன்று பெட்டி இருந்தால் எல்லாம் தத்தம் இடத்தில் அமரும். இரண்டே பெட்டி என்று அடம்பிடிப்பது ஆங்கிலப் பொத்தான்தான், தமிழ் அன்று.

ந.

ஞாயிறு காலை, மு. எழுதியது:

ஐயா சொல்வது சரி என்று முதன்முறையாக எழுதுகிறேன். எக்ஸ்-2க்கு ‘வழி’ என்பதைவிடப் பொருத்தமாக நானும் எதையும் காணவில்லை. ஆனால் பொத்தான் இரண்டுதான். என் வாக்கு: முதன்மை வரிசை, கிளை ஆட்டங்கள்.

ஞாயிறு மாலை, ர. எழுதியது:

முதன்மை, கிளை. எனக்கும் சம்மதம். சேயை விட மனமில்லை, ஆயினும் நேரமாகிறது.

ஞாயிறு மாலை, ந. எழுதியது:

நான் உடன்படவில்லை. பெரும்பான்மை ஒரு சொல்லைப் புழக்கத்தில் விடலாம். அதைப் பொருத்தமானதாக ஆக்கிவிட முடியாது. என் கலைச்சொல் கையேட்டில் ‘புடையாட்டம்’ என்றே எழுதிவைத்திருக்கிறேன். பதர் உவமையை மட்டும் திரும்பப் பெறுகிறேன். அதில் மு. சொன்னது நியாயம்.

ந.

ஞாயிறு இரவு, செ. எழுதியது:

கோப்பை அனுப்பிவிட்டேன். ‘முதன்மை வரிசை’, ‘கிளை ஆட்டங்கள்’. ஐயாவின் நூற்பாவை மொழிபெயர்ப்பாளர் குறிப்பில் முழுமையாகச் சேர்த்திருக்கிறேன். அடுத்து வருபவர் கண்ணில் படட்டும்.

அனுப்புமுன் இ. தம்பிக்காக ஒன்றைச் சரிபார்த்தேன். பெர்சோனா பக்கத்தில் முதன்மை வரிசைப் பொத்தானை அழுத்தினால், இரண்டாம் பெர்சோனாவின் இரு பாகங்களையும் சேர்த்து ஆறு ஆட்டங்கள் வருகின்றன. மெகாமி டென்செய் பக்கத்துக்குப் போனால் அதே ஆறும் கிளை ஆட்டங்களுக்குள் இருக்கின்றன. திருத்த வேண்டுமா என்று வெகுநேரம் யோசித்தேன். இரண்டு இடத்திலும் அது உண்மை என்பதால் தொடாமல் விட்டுவிட்டேன்.

எக்ஸ்-2 இன்னும் எந்தப் பொத்தானிலும் இல்லை. மூன்றாவது பொத்தான் கேட்டு எழுதியிருக்கிறேன். கிடைத்தால் அதன் பெயர் ‘வழி ஆட்டங்கள்’.

செ.