கேம்பிங் டிரெய்லருக்கு டயர் மாற்றுதல்: லோட் ரேஞ்ச் சி இருந்த இடத்தில் டி போடலாமா?

ஹூஸ்டன்வாசி:
அனைவருக்கும் வணக்கம். எங்களிடம் ஒற்றை அச்சுள்ள சிறிய கேம்பிங் டிரெய்லர் இருக்கிறது. அச்சின் தாங்குதிறன் 3,500 பவுண்டு. உடன் வந்த எஸ்.டி. (டிரெய்லருக்கென்றே செய்யப்படும் வகை) 205/75 ஆர் 14, லோட் ரேஞ்ச் சி டயர்களே இன்னும் ஓடுகின்றன. லோட் ரேஞ்ச் என்பது டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதைக் காட்டும் எழுத்து; சி-யைவிட டி அதிகம் தாங்கும். பட்டன் தேயவே இல்லை. ஆனால், ரிம்மை ஒட்டிய பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்புகள் தெரிகின்றன. டயரில் பொறித்துள்ள டாட் எண்ணின் (தயாரிப்புக் குறியீட்டின்) கடைசி நான்கு இலக்கங்கள் 2318. கோடையில் பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குக் குடும்பத்துடன் செல்ல எண்ணியுள்ளோம். போவதற்கு மட்டும் ஏறத்தாழ 600 மைல். இந்த டயர்களை நம்பிப் புறப்படலாமா? மாற்றுவதானால் லோட் ரேஞ்ச் டி போடலாமா? டயர் கடையில் டிரெய்லரைத் தூக்க மறுக்கிறார்கள். சக்கரங்களைக் கழற்றி எடுத்து வரச் சொல்கிறார்கள்.

மேற்குச்சாலை:
நம்ப வேண்டாம், நண்பரே. 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர் என்று பொருள். டிரெய்லர் டயர் பெரும்பாலும் தேய்ந்து சாவதில்லை. வெயிலில் ஒரே இடத்தில் நின்று, ரப்பர் இறுகி, வயதாகித்தான் சாகிறது. எனவே, பட்டன் எவ்வளவு இருந்தாலும் ஐந்தாறு ஆண்டுகளுக்குள் மாற்றிவிடுவதே முறை. வெடிப்பு கண்ணுக்கே தெரிகிறது என்றால், யோசிக்க எதுவும் இல்லை.

லோட் ரேஞ்ச் டி போடுவதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். உங்கள் அளவில் சி டயர் ஒன்று 50 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு) காற்றழுத்தத்தில் 1,760 பவுண்டு தாங்கும். இரண்டும் சேர்ந்து 3,520. அச்சின் தாங்குதிறனே 3,500 என்னும்போது, தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, சாமான்களை ஒரு பக்கமாக அடுக்கினாலே அந்தப் பக்கத்து டயர் வரம்பைத் தாண்டிவிடும். டி டயர் 65 பி.எஸ்.ஐ.யில் 2,040 பவுண்டு தாங்கும். ஆனால், ரிம்மும் அந்த அழுத்தத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ரிம்மின் பின்புறம் பொறித்திருப்பதைப் பாருங்கள். சாதாரண ரப்பர் வால்வின் உச்ச வரம்பே 65 பி.எஸ்.ஐ.தான் என்பதால், உலோக வால்வு போடும்படி கடையில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று: ஐ-10 நெடுஞ்சாலையில் மேற்கு டெக்சாஸ் பகுதியில் 80 மைல் வேகம் அனுமதிக்கப்படுகிறது. வேகக் குறியீடு எதுவும் பொறிக்காத எஸ்.டி. டயர் பொதுவாக 65 மைல் வேகத்துக்கே செய்யப்பட்டது. பின்னால் வரும் லாரி நெருக்கினாலும் 65-ஐத் தாண்டாதீர்கள்.

பட்டறைக்காரர்:
கழற்றும் முறையைப் பற்றிச் சொல்கிறேன். டிரெய்லரை இழுவை வாகனத்திலிருந்து விடுவிக்காமல், சமதளத்தில் நிறுத்தி, மறுபக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச்சுற்று தளர்த்திவிட வேண்டும். ஜாக்கியை அச்சுக் குழாய்க்கு அடியில் வைக்காதீர்கள்; குழாய் சற்றே வளைந்தாலும் சக்கரங்களின் நேர்த்தி கெட்டு, புது டயர் ஒரு பக்கமாகத் தேயும். அச்சுக்கு அருகில், சட்டத்தின் இரும்பில் கொடுத்துத் தூக்கி, ஜாக் ஸ்டாண்டு வைத்த பிறகே சக்கரத்தை உருவுங்கள். நான்கு மூலைகளில் உள்ள கால்கள் ஆட்டத்தை நிறுத்துவதற்கு மட்டுமே. அவற்றைக் கொண்டு வண்டியைத் தூக்கக் கூடாது. சக்கரத்தைக் கழற்றும் முன் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று ஓசை வந்தால் பேரிங்குக்குக் கிரீஸ் வைக்கும் வேலையையும் அப்போதே முடித்துவிடலாம்.

திரும்ப மாட்டும்போது நட்டுகளை முதலில் கையால் திருகி, பிறகு எதிரெதிராக, மூன்று கட்டங்களில் முறுக்க வேண்டும். அரை அங்குல போல்ட்டுக்கு முதலில் 25, அடுத்து 55 அடி-பவுண்டு (முறுக்கத்தின் அளவு). இறுதி முறுக்கம் 90 முதல் 120 வரை வரும், அதைக் கையேட்டைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இதைச் செய்யவே வேண்டாம்.

ஹூஸ்டன்வாசி:
மிக்க நன்றி. ரிம்மின் பின்புறம் 1,870 பவுண்டு என்று பொறித்திருக்கிறது. அழுத்தத்தைப் பற்றி ஒன்றும் இல்லை.

மேற்குச்சாலை:
அப்படியானால், டயர் 2,040 தாங்கினாலும் உங்கள் சக்கரத்தின் வரம்பு 1,870தான். அச்சு தாங்குவதோ பக்கத்துக்கு 1,750. டி டயர் போட்டதால் கூடுதல் சாமான் ஏற்றலாம் என்று எண்ணிவிடாதீர்கள். ரிம் 65 பி.எஸ்.ஐ. தாங்குமா என்பதை அதைச் செய்த நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்த பிறகே டயருக்குப் பணம் கட்டுங்கள். ஸ்பேர் டயரின் டாட் எண்ணையும் பாருங்கள். அதுவும் 2018 என்றால் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பட்டறைக்காரர்:
காற்றைக் காலையில், வண்டி கிளம்பும் முன் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடித்தான் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கக் கூடாது. புதிதாக மாட்டிய சக்கரங்களின் நட்டுகளை 10, 25, 50 மைல்களில் நிறுத்தி மறுபடியும் முறுக்கிப் பார்க்க வேண்டும். எனவே பயணத்துக்கு முன்பே ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டி, அந்த வேலையை முடித்துவிடுங்கள்.